சதுக்கம் வரை தனியாக

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், இடது முட்டி மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது, அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் போய் வருகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் இருமல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வருகிறேன். உன் அண்ணன் மகள் பெரியவளுக்கு நில அளவை ஆபீசில் வேலை உறுதியாகிவிட்டது, நூற்று நாற்பது பேர் எழுதிய பரீட்சையில் இரண்டாவது வந்தாள், இப்போது மூன்று கால் வைத்த அந்தக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு ரோடாக அளக்கிறாள், அவளைவிடப் பெரிய ஆம்பிளைகள் எல்லாம் நோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறார்களாம். அவள் தம்பி நம்ம முள்ளம்பன்றி, தலைமுடி இன்னும் அப்படியேதான் நிற்கிறது, நீளம் தாண்டும் போட்டியில் மூன்றாவது. மூன்றாவதுதானா என்று உன் அண்ணி கேட்டாள். முன்னால் இரண்டு பேர்தானே, பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்களே அதைப் பார் என்றேன். உன் மகள் பள்ளிக்கூட மேடையில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பத்து நிமிஷம் பேசிப் பரிசு வாங்கினாள் என்று சொன்னாயே, அது யார் வாய் என்று மாப்பிள்ளையிடம் கேள், அவர் வீட்டில் எல்லோரும் ஊமைக் கோட்டான்கள். உன் சின்னவன் எட்டு வயசில் சைக்கிளில் யாரும் பிடிக்காமல் தனியாகப் பள்ளிக்கூடம் போய் வருகிறான், நடுவில் இரண்டு சிக்னல், ஒரு பாலம். அதை நீ போனில் மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவையும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது சண்டை. எட்டு வயசுப் பயலைத் தனியாக விட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாய், எழுபத்து நாலு வயசுக்காரி நான் தனியாகத் தெருவைத் தாண்டினால் உனக்கும் உன் அண்ணனுக்கும் பொறுக்கவில்லை, இது என்ன நியாயம் பாப்பா. இதைப் போனில் கேட்கலாம்தான். போனில் நீ ஒரு பக்கம், உன் அண்ணன் ஒரு பக்கம், நடுவில் நான் வாயைத் திறந்தால் அம்மா நீ கொஞ்சம் இரு என்பீர்கள். கடிதத்தில் யாரும் என்னை இரு என்று சொல்ல முடியாது. அதனால்தான் நேற்று போன் வந்தபோது எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நான் படித்தது அஞ்சாவது, எழுத்து கோணலாக இருந்தாலும் சொல்ல வந்தது நேராக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் பேசி முடித்ததை நான் மறக்கவில்லை. மாசக் கடைசியில் இந்த இரண்டு அறையையும் காலி செய்துவிட்டு நான் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும், தையல் மிஷினை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், பெரியவள் அறையில் எனக்கு ஒரு கட்டில் போடுவார்கள். நான் வர மாட்டேன் என்றேன். அண்ணன், தங்கச்சி சரின்னா எனக்கும் சரி, அவ சொல்லட்டும் என்று உன் தலையில் போட்டான். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. சரிம்மா, நீ முதல்ல சதுக்கம் வரைக்கும் தனியா போய், தனியா திரும்பி வந்து காட்டு, அப்பறம் இங்கேயே இருக்கறதைப் பத்திப் பேசலாம் என்றாய். அண்ணன் சிரித்தான். நீயும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நான் சிரிக்கவில்லை. மறுநாளே நாலு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்து என் கட்டில் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் போனான். உன் அண்ணன் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி, சின்ன வயசில் இடி இடித்தால் என் முந்தானைக்குள் போய்விடுவான். அந்தப் பயம் இப்போது என் பேரில் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மூலம் போன மாசம் நடந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவள் ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்காமல் பஸ் டெப்போவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து போலீஸ் ஜீப்பில் வீட்டுக்கு வந்தேன். அம்மா தொலைஞ்சு போயிட்டா என்று அண்ணன் உனக்குச் சொன்னான், நீ அழுதாய், டாக்டரிடம் காட்டச் சொன்னாய். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சிரித்துத் தொலை. அந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த சீட்டில் ரெக்சின் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிற பஞ்சை யாரோ விரலை விட்டுப் பிய்த்திருக்கிறார்கள். இருபத்தாறு வருஷம் அந்த டெப்போவில் சீட்டு உறை தைத்தவள் நான், இந்த ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்தது என் தையல் மேல்தான். பையில் கோணி ஊசி இருந்தது, நைலான் நூல் இருந்தது, அவை இல்லாமல் நான் எப்போது வெளியே போயிருக்கிறேன். ஓரத்தை மடித்துப் பிடித்து இரட்டைத் தையல் போட ஆரம்பித்தேன், முடித்து முடிச்சுப் போட்டுத் தலையைத் தூக்கினால் பஸ் டெப்போவுக்குள் நிற்கிறது. காவலுக்கு இருந்தவன் புதுசு, என்னைத் தெரியாது. கையில் ஊசியோடு ஒரு கிழவி இறங்கினால் அவன் என்ன நினைப்பான். எதுக்கு வந்தீங்க என்றான். சீட்டுத் தைக்க வந்தேன் என்று சொல்ல எனக்கு மானம் விடவில்லை. அங்கே இப்போது தையல் பிரிவே கிடையாது, உறை எல்லாம் எங்கிருந்தோ ரெடிமேடாக வருகிறதாம். ஓய்வு கொடுத்து அனுப்பியவள் யாரும் கூப்பிடாமல் வந்து ஓசியில் வேலை பார்த்தாள் என்று நாலு பேர் சிரிப்பதைவிட, தொலைந்துபோனாள் என்று சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அது தப்பு. அந்தத் தப்பினால் வீடே போகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. டெப்போவில் நான் தொலைவதா, என் அடுப்படியில் நான் தொலைவேனா.

ஆகவே நேற்று முன்தினம் புதன்கிழமை போனேன். எட்டரைக்குக் கதவைப் பூட்டினேன். போனை வேண்டுமென்றே மேஜை மேல் வைத்துவிட்டேன், அதை எடுத்துப் போனால் உன் அண்ணன் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு வருவான், அது தனியாகப் போனதாகுமா. புதன்கிழமை மத்தியானம் உன் அண்ணி வருவாள், அவளிடமும் ஒரு சாவி இருக்கிறது, பயந்துவிடக் கூடாதே என்று மேலே இருந்த அட்டைப்பெட்டியில் சாக்பீஸால் பெரிசாக எழுதினேன், வெளியே போயிருக்கிறேன், வருவேன் என்று. எங்கே என்று எழுதவில்லை. எழுதினால் அவளும் கிளம்பி வந்துவிடுவாள், நல்ல பெண், அதுதான் தொல்லை. நாற்பத்து நாலு படி இறங்கினேன், கீழே அச்சாபீஸ்காரர் எங்கம்மா காலையிலேயே என்றார். சும்மா சதுக்கம் வரைக்கும் என்றேன். ஏதோ கடைக்குப் போகிற மாதிரிச் சொல்லிவிட்டேனே தவிர உள்ளே நெஞ்சு தையல் மிஷின் மாதிரி ஓடியது.

சதுக்கம் என் வீட்டிலிருந்து பதினாலு நிறுத்தம், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸில் கண்டக்டர் பெண் டிக்கெட் கொடுக்கும்போது, கூட யாரும் வரலையா பாட்டிம்மா என்றாள். உன்கூட யாரு வந்திருக்கா என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள், ஆனால் ஆஸ்பத்திரி வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன், யாரோ சொல்லி இறங்கினேன் என்ற பேச்சு வரக் கூடாது பார். அந்த பஸ்ஸில் எல்லாச் சீட்டும் ஒழுங்காக இருந்தது, என் அதிர்ஷ்டம். இரண்டாவது பஸ் கடைசி நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டது. எதிரே சதுக்கம் தெரிகிறது, மணிக்கூண்டு தெரிகிறது, புறாக்கள் கூடத் தெரிகின்றன. நடுவில் ரோடு. நாலு வரிசையாக வண்டிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, ஓரம் முழுக்க இடுப்பளவு இரும்புக் கம்பி, ஒரு இடத்தில்கூட இடைவெளி இல்லை. முன்பு நான் வந்தபோது இது எதுவும் கிடையாது, நேரே நடந்து போனோம். இப்போது பூமிக்கடியில் சுரங்கப்பாதை, அதில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டுமாம்.

இறங்கினேன். இருபத்தெட்டுப் படி. உள்ளே போனால் அது பாதை இல்லை பாப்பா, வலை. கைப்பேசி உறை விற்கிறவன், குடை விற்கிறவள், சாவி அறுக்கிறவன், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை ஓடு, ஒரே மாதிரி ட்யூப் லைட். மொத்தம் ஆறு வாய், நான் இறங்கியது ஒன்று, மிச்சம் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் மேலே எண் போட்டிருக்கிறார்கள், எந்த எண் எங்கே போகும் என்று எழுதிய இடத்தில் எல்லாம் பல் டாக்டர் விளம்பரம் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். சரி பார்ப்போம் என்று ஒன்றில் ஏறினேன், இருபத்தெட்டுப் படி, மேலே போனால் பேங்க். இறங்கி இன்னொன்றில் ஏறினேன், மருந்துக்கடை. இறங்கி வேறு வாய் என்று நினைத்து ஏறினேன், மறுபடியும் அதே பேங்க், வாசலில் அதே காவல்காரர், என்னைப் பார்த்து வணக்கம் வேறு வைக்கிறார். உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உதறல் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் கம்பிக்கு அந்தப் பக்கம் சதுக்கம் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, எட்டிப் பிடித்துவிடலாம் போல இருக்கிறது, போக வழியில்லை. அண்ணன் சொன்னது சரிதானோ, உண்மையிலேயே எனக்குத் தலை குழம்பிவிட்டதோ, டெப்போவில் நடந்ததுகூட நான் நினைப்பதுபோல் நடக்கவில்லையோ என்று படியில் உட்கார்ந்து யோசித்தேன். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன். பையில் கை போனது, சாக்பீஸ் அகப்பட்டது. உறைக்குத் துணி வெட்டும்போது எந்தத் துண்டு முடிந்தது எது மிச்சம் என்று தெரிய நாங்கள் ஓரத்தில் ஒரு கோடு கிழிப்போம், கோடு விழுந்ததைத் திரும்பத் தொடக் கூடாது, அதுதான் கணக்கு. அட இதுக்குப் போயா இவ்வளவு யோசனை என்று எழுந்தேன். நான் இறங்கி வந்த வாயில் ஒரு கோடு, பேங்க் வாயில் ஒரு கோடு, மருந்துக்கடை வாயில் ஒரு கோடு.

மூன்றாவது கோடு போடும்போது பின்னால் விசில். சுரங்கப்பாதைக் காவல்காரர், நாற்பது வயசிருக்கும், பெரிய மீசை. என்ன பாட்டி இது, சுவத்துல கிறுக்கறீங்க என்றார். கிறுக்கலை தம்பி, அடையாளம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், குரலைத் தணித்துக்கொண்டார். அந்தக் குரல் மாறியதும் எனக்கு எரிச்சல் வந்தது, அந்த ஜீப் போலீஸ்காரரும் இதே மாதிரிதான் தணிந்து பேசினார். வீட்டுல யாரு இருக்காங்க, மகன் நம்பர் குடுங்க, ஒரு போன் போட்டு வரச் சொல்றேன், நீங்க இங்க ஸ்டூல்ல உக்காருங்க என்கிறார். உன் அண்ணன் நம்பர் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அதைச் சொன்னால் அரை மணியில் அவன் வந்துவிடுவான், மாசக் கடைசி வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டான், அன்றைக்கே என்னைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிடுவான். தெரியாது என்று சொன்னால் இவர் ஜீப்பைக் கூப்பிடுவார். நம்பர் தெரியும், குடுக்க மாட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. தொலைஞ்சவங்களுக்குத்தான் நம்பர் வேணும், நான் வழி தேடிக்கிட்டு இருக்கேன், ரெண்டும் ஒண்ணா என்றேன். இன்னைக்கு என்ன கிழமை பாட்டி என்றார் சின்னப் பிள்ளையைக் கேட்பதுபோல. புதன்கிழமை, தேதி பதினாறு, உன் இடது தோள்பட்டையில தையல் விட்டிருக்கு, அந்தப் பட்டை இன்னும் ரெண்டு நாள்ல கழண்டு விழும், அது உனக்குத் தெரியுமா என்றேன். தோளைத் தொட்டுப் பார்த்தார். தெரியவில்லை அவருக்கு. யாரு தொலைஞ்சது இப்போ என்று கேட்டேன், குடை விற்கிறவள் கொல்லென்று சிரித்துவிட்டாள்.

அவரை அந்த ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்ற வேண்டாம் அசையாமல் இரு என்று சொல்லி, சின்ன ஊசியால் எட்டுத் தையல் போட்டுக் கொடுத்தேன். மனுஷன் மீசை மட்டும்தான் பெரிசு, ஊசி கிட்டே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். முடித்ததும் மனசு இளகி, நீங்க எங்க போகணும் பாட்டி, சதுக்கத்துக்கா, அதுக்கு இப்படியே என்று கையைத் தூக்கினார். சொல்லாதே என்றேன். கை அந்தரத்தில் நின்றது. நீ சொன்னேன்னா அது உன்னால போனதா ஆயிடும், என் மக கேப்பா, யாரு வழி காட்டினான்னு என்றேன். உனக்காகத்தான் பாப்பா அந்த மனுஷனை அப்படி நிறுத்தி வைத்தேன். மிச்சம் மூன்று வாய். ஒன்றில் ஏறினேன், சினிமா தியேட்டர். இறங்கினேன், அவர் அங்கேயே நிற்கிறார், கூரையைப் பார்த்துக்கொண்டு. கோடு போட்டேன், அவர் பார்க்கவில்லை. அடுத்ததில் ஏறினேன், பேருந்து அலுவலகம். இறங்கினேன், கோடு போட்டேன், அவர் இருமினார், குடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மிச்சம் ஒன்றுதான். அதில் ஏறும்போது முட்டியில் உயிர் போனது, பதினைந்தாவது படியில் நின்று மூச்சு வாங்கினேன், கீழே இருந்து அவர், இன்னும் பதிமூணு என்றார். எண்ணத் தெரியும் என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். மேலே வெளிச்சம். சதுக்கம்.

சதுக்கம் ஒன்றும் பெரிய அழகில்லை, நீ அங்கே பார்ப்பதை விடச் சின்னதாகத்தான் இருக்கும். சாம்பல் நிறக் கல் பரப்பி இருக்கிறார்கள், நடுவில் மணிக்கூண்டு, அதைச் சுற்றி அகலமான படிகள், தண்ணீர் வராத ஒரு நீரூற்று, அதற்குள் காய்ந்த இலை. மணிக்கூண்டுக்கு நாலு முகம், நாலிலும் நாலு நேரம். படியில் வேலை தேடும் பிள்ளைகள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு கிழவர்கள் ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் படித்தார்கள். நான் நடுப்படியில் போய் உட்கார்ந்தேன். எழுந்து போ என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் உரிமை கிடையாது. நான் அங்கே கடைசியாக உட்கார்ந்தது முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், தையல் பிரிவில் பாதிப் பேரை நிறுத்தப் போகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் டெப்போவிலிருந்து ஊர்வலமாக நடந்து வந்தோம், நீ மூன்று வயசு, என் இடுப்பில் இருந்தாய், துணி போதாமல் சீட்டு ரெக்சினிலேயே பதாகை தைத்துக்கொண்டு வந்தோம். சதுக்கத்துக்குப் போறவங்க திரும்ப வேலைக்கு வர வேண்டாம் என்று மேற்பார்வைக்காரர் சொன்னார். போனோம். அன்றைக்குப் பூராவும் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் வேலைக்கும் வந்தோம், எல்லோரும், ஒருத்தி விடாமல். அந்த இடத்துக்கு என்னால் போக முடியுமா என்று நீ கேட்டாய் பார், அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ தூங்கிவிட்டாய்.

அங்கே ஒருவர் கழுத்தில் கேமராவும் இடுப்பில் போட்டோ வருகிற சின்ன மிஷினுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டேன். அந்தக் கிழவர்களிடம் பேப்பரை ஒரு நிமிஷம் வாங்கி, அன்றைய தேதி தெரிகிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மணிக்கூண்டுக்கு முன்னால் நின்றேன். போட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன பாட்டி, யாராவது உங்களைக் கடத்திட்டாங்களா என்றார். இன்னும் இல்லை, மாசக் கடைசியிலதான் கடத்தப் போறாங்க என்றேன். சிரிங்க என்றார். இது சாட்சிக்கு, சிரிக்கறதுக்கு இல்லை என்றேன். அதனால்தான் போட்டோவில் நான் அப்படி முறைத்துக்கொண்டிருக்கிறேன், உன்னை முறைப்பதாக நினைத்தாலும் தப்பில்லை. பின்னால் மணி பதினொன்று நாற்பது காட்டும், அதை நம்பாதே, பன்னிரண்டு ஆகியிருந்தது.

வருகிற வழியில்தான் உண்மையான பரீட்சை. சுரங்கப்பாதையில் என் கோடுகளைப் பார்த்துப் பார்த்து நேரே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன், மீசைக்காரர் தோளைத் தட்டிக் காட்டிச் சலாம் வைத்தார். ஆஸ்பத்திரியில் மாறினேன். ஏறிய பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் காலி, அதில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் முன் சீட்டு ஓரத்தில் தையல் விட்டு ரெக்சின் நாக்குத் தொங்குகிற மாதிரித் தொங்குகிறது. அரை அடி இருக்கும். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது ஆடுகிறது, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி. பத்துத் தையல் போட்டால் முடிந்தது, எனக்கு ஐந்து நிமிஷம். என் வீட்டுக்கு ஐந்து நிறுத்தம். கை தானாகப் பைக்குள் போய்விட்டது, கோணி ஊசி விரலில் பட்டது. போன தடவையும் ஐந்து நிமிஷம் என்றுதான் நினைத்தேன். பையை மூடி, எழுந்து, பையைச் சீட்டில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவள், என்னங்க இவ்வளவு உயரமா உக்காந்திருக்கீங்க என்றாள். கையைக் கட்டிப் போட்டிருக்கேம்மா என்றேன். பைத்தியம் என்று நினைத்து ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள், நகரட்டும், இடம் தாராளமாகக் கிடைத்தது. ஐந்து நிறுத்தத்தையும் விரல் விட்டு எண்ணி இறங்கினேன். அந்த நாக்கை அப்படியே விட்டுவிட்டு இறங்கியது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது, சுரங்கப்பாதைப் படிகள் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வீட்டுப் படியில் உன் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள், எங்க போறேன்னு எழுதியிருக்கலாமே அத்தே என்றாள். அவள் சொன்னது நியாயம், அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் முகம் வெளிறிப் போய், இது என்னம்மா விளையாட்டு, வழியில எதாவது ஆயிருந்தா என்று கத்தினான். ஆகலையே என்றேன். போட்டோவை அவன் கையில் கொடுத்தேன், டெப்போவில் நடந்ததையும் சீட்டுத் தைத்ததையும் படியிலேயே நின்று சொல்லிவிட்டேன். இதை ஏம்மா அன்னைக்கே சொல்லலை என்றான். நீ சிரிப்பேன்னு என்றேன். அவன் சிரிக்கவில்லை. போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தான், தேதியைப் பார்த்தான், மணிக்கூண்டைப் பார்த்தான், கடைசியில் அம்மா இதுல நீ கொஞ்சம் சிரிச்சிருக்கலாம் என்று மட்டும் சொன்னான். அப்புறம் மெதுவாக, தங்கச்சி என்ன சொல்றாளோ அதான், நான் அவகிட்டயே விட்டுட்டேன் என்றான். பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. விட்டுவிட்டுத்தான் போனான்.

ஆகவே இப்போது பேச்சு உன்னுடையது. போய்க் காட்டு என்றாய், போனேன், வந்தேன், காட்டிவிட்டேன். இனி ஏதாவது புதுசாக, பனியில் போய்க் காட்டு மழையில் போய்க் காட்டு என்று நீட்டாதே. அண்ணனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல், அம்மா அங்கேயே இருக்கட்டும் என்று. எனக்காகப் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகள் என்றால் பயப்படத்தான் செய்வீர்கள், நீ சின்னவன் சைக்கிளை விட்டுக் கையை எடுத்த அன்றைக்கு உனக்கும் பயமாகத்தானே இருந்திருக்கும், ஆனாலும் கையை எடுத்தாயே, அதே கையை என் பேரிலிருந்தும் எடு. நான் விழ மாட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், சின்னவனும் செய்யவில்லை. இனி எங்கே போனாலும் பெட்டியில் இடத்தின் பேரையும் எழுதி வைக்கிறேன், போனையும் எடுத்துப் போகிறேன், அது அண்ணிக்காக. அடுத்த வாரம் ஒருநாள் வேண்டுமென்றே கடைசி நிறுத்தம் வரைக்கும் பஸ்ஸில் போய், டெப்போவிலேயே இறங்கி, அந்த நாக்குத் தொங்குகிற சீட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன். காவலுக்கு இருக்கிறவன் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் இந்தத் தடவை சொல்லிவிடுவேன். நீ சரி என்றாலும் இல்லை என்றாலும் மிஷினை யாருக்கும் கொடுப்பதாக இல்லை, வீட்டுச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும், ஆனாலும் நீ சரி என்று சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நூறு வயசு நோய் நொடி இல்லாமல் இருங்கள், நூறு வயசிலும் உங்கள் காலாலேயே நடந்து போய் வருகிற வரம் கிடைக்கட்டும். சின்னவன் சைக்கிளுக்கு மணி இருக்கிறதா பார், பிரேக் கட்டையை மாசம் ஒரு தடவை பார்க்கச் சொல். நீ முதுகு வளைத்து உட்காராதே. சதுக்கத்துப் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன், தபாலில் மடங்கிவிடக் கூடாதே என்று அண்ணன் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றைக் கத்தரித்து இரண்டு பக்கமும் கொடுத்திருக்கிறேன், நல்ல கெட்டி அட்டை. இன்னும் மூன்று பெட்டி முழுசாக இருக்கிறது, நீ பதில் எழுதுகிற அழகைப் பொறுத்து அதையும் கத்தரிப்பேன். அந்த அட்டையைத் தூக்கி எறியாதே. என் சுவரில் இருக்கிற போட்டோவில் உன் சின்னவனுக்கு இன்னும் முன்பல் முளைக்கவில்லை, நீ வேறு அதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய். நாலு பேரும் நிற்கிற மாதிரி, அவன் சைக்கிளும் தெரிகிற மாதிரி, புதுசாக ஒன்று எடுத்து இதே அட்டையில் வைத்து, என் பேரும் இந்த வீட்டு விலாசமும் எழுதித் தபாலில் அனுப்பு. விலாசம் மாறவில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியிலேயே இருக்கும்
உன் அம்மா